கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்தபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "தம்பி, கான்கிரீட்டைப் பற்றிப் பேசிடாதே. சாப்பாட்டுக்கு முன்னால ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. சமீபத்துல பார்த்த சினிமா பத்தி ஏதாவது சொல்லு, போதும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் விமர்சகன் இல்லை. சிவில் என்ஜினீயர். பகலெல்லாம் சைட்டில் வெயிலில் நின்றுவிட்டு, ராத்திரி சாப்பிட்டபின் ஒரு படம் போட்டுப் பார்க்கிறவன். அதையும் ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் தவணையில்தான். ஆகவே இதை ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ளாமல், ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசிக்கொள்வது போல எடுத்துக்கொள்ளுங்கள்.

பழசும் புதுசுமாக சமீபத்தில் ஏழெட்டுப் படங்கள் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. படம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் பக்கத்தில் இருக்கிற மனைவியிடம், "ஆமா, இவன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்பேன். "அவன் என்ன வேலை பார்த்தா உங்களுக்கென்ன, படத்தைப் பாருங்க" என்பார். நியாயம்தான். இருந்தாலும் கேள்வி போகமாட்டேன் என்கிறது.

சினிமாவில் என்ஜினீயர்கள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். தலையில் புத்தம் புது மஞ்சள் ஹெல்மெட். கையில் சுருட்டிய வரைபடம். அதைக் கார் பானெட் மேல் விரித்து, ஒரு விரலால் எங்கேயோ காட்டுவார். பக்கத்தில் நிற்பவர் "எஸ் சார்" என்பார். சிவில் என்ஜினீயரிங் முடிந்தது, அடுத்தது பாட்டு. சாஃப்ட்வேர்க்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காபிக் கோப்பை. லேப்டாப்பை மூடுவதைத்தான் காட்டுவார்கள், திறந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குக் கன்னத்தில் ஒரு கோடு கிரீஸ், அவ்வளவுதான்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் சிற்றறிவுக்கு எட்டியது ஒன்றுதான். வேலையை விசிட்டிங் கார்டு மாதிரி நீட்டிவிட்டுப் போகிற படத்தை இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. ஆளையும் அவன் செய்கிற வேலையையும் நம்பி எடுத்த படம் எத்தனை வருஷம் ஆனாலும் நிற்கிறது. எனக்குத் தெரிந்த சில படங்களை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் 1964. அந்த வருஷம் வந்த இரண்டு படங்கள், இரண்டிலும் நாகேஷ். ஒன்று ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. அதில் நாகேஷ் செல்லப்பா. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு கம்பெனியே வைத்திருப்பார். ஆனால் ஒரு படமும் எடுத்திருக்க மாட்டார். அப்பா பாலையா பணம் கொடுத்தால்தானே! அவர் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியை இப்போது பார்த்தாலும் வயிறு வலிக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு பாலையா முகத்தை மட்டும் பாருங்கள். சத்தம் போடுவது மகன், வியர்ப்பது அப்பா. இவ்வளவு சிரிப்புப் படத்திலும் கதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், ரவிச்சந்திரனின் எஸ்டேட் வேலை போவதில். அவர் முதலாளி வீட்டு எதிரிலேயே கூடாரம் அடித்து வேலையைத் திரும்பக் கேட்கிறார். அறுபது வருஷமாக இதை நாம் கலகலப்பான காதல் படம் என்று பார்க்கிறோம். உள்ளே ஒரு டிஸ்மிஸ் ஆர்டர் இருக்கிறது.

இன்னொன்று 'சர்வர் சுந்தரம்'. கே.பாலசந்தரின் நாடகம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் வேலை பார்த்தவர். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். மாசச் சம்பளக்காரன் மனசு இரண்டு பேருக்குமே தெரியும். கோபுரம் மாதிரி அடுக்கிய டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு நாகேஷ் நடப்பாரே, அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். என்ஜினீயராகப் பார்த்தால் அது சென்டர் ஆஃப் கிராவிட்டி பற்றிய முழு வகுப்பு! தொழில் தெரிந்தவன் உடம்பு எப்படி இருக்கும் என்று அந்த நடையில் இருக்கிறது. அதே படத்தில் ஒரு பாட்டை ஸ்டுடியோவில் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பதையும் காட்டுகிறார்கள். எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனும் திரையிலேயே வருகிறார்கள். வாத்தியக்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்கிறோம். பெரிய நட்சத்திரமான சுந்தரம் கடைசியில் திரும்பி வருவது தன் சர்வர் வேலைக்குத்தான்.

அடுத்தது 1978-ல் வந்த 'முள்ளும் மலரும்'. உமாசந்திரன் நாவல், மகேந்திரன் இயக்கம், பாலுமகேந்திரா ஒளிப்பதிவு. ரஜினி படம் என்று சொன்னால் உங்களுக்கு ஸ்டைல் ஞாபகம் வரும். இதில் அவர் மின் நிலையத்தில் விஞ்ச் ஆபரேட்டர் காளி. அங்கே புதிதாக வருகிற என்ஜினீயர் குமரனாக சரத்பாபு.

இந்தப் படத்தை என்ஜினீயரிங் முடித்த ஒவ்வொருவரும் வேலைக்குச் சேருவதற்கு முந்தின வாரம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம், குமரன் வில்லன் இல்லை. விதி விதிதான் என்கிறவர், நேர்மையானவர். காளியும் கெட்டவன் இல்லை. அந்த விஞ்ச் அவனுக்கு வெறும் மெஷின் கிடையாது, அவன் ராஜ்ஜியம். ரூலை வைத்திருக்கிறவனுக்கும் மெஷினை வைத்திருக்கிறவனுக்கும் நடுவில் என்ன உரசல் வருமோ, அது அத்தனையும் அந்தப் படத்தில் இருக்கிறது. காளி வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறான், குடிக்கிறான், லாரி ஏறிக் கை போகிறது, அப்புறம் வேலையும் போகிறது. இரண்டு கையும் இரண்டு காலும் போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்கிற பொருளில் அவன் பேசுகிற வசனத்தை நாம் எல்லோரும் கல்லூரி விழாக்களில் மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்கியிருக்கிறோம். படத்தோடு சேர்த்துக் கேட்டால் கைதட்டத் தோன்றாது. கை போய், வேலையும் போன தொழிலாளி ஒருவன் மேலதிகாரி எதிரில் நின்று பேசுகிற பேச்சு அது. கடைசியில் தங்கையைக் குமரனுக்குக் கட்டிக் கொடுக்கிறான். அப்போதும் 'உங்களை எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். சமாதானம் ஆகிவிட்டது என்று பொய் சொல்லாத படம்.

வேலையைப் பற்றிப் பேசும்போது வேலை இல்லாததைப் பற்றியும் பேச வேண்டும். பின்வரிசைத் தம்பிகள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்!

1980-ல் பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு'. கமல்ஹாசன் டில்லியில் வேலை தேடுகிற ரங்கன். சாப்பாடே இல்லாமல், விருந்து சாப்பிடுகிற மாதிரி நடிக்கிற காட்சி ஒன்று வரும். பசியைக் காட்டச் சத்தத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரங்கன் கடைசியில் சலூனில் முடிவெட்டும் வேலைக்குப் போகிறான். படித்த படிப்பு வேறு, கையில் கத்தரிக்கோல். அப்பாவும் அதைப் பார்க்க நேர்கிறது. அதில் தலைகுனிய ஒன்றுமில்லை என்று படம் நிமிர்ந்து நிற்கிறது.

2014-ல் வந்த 'வேலையில்லா பட்டதாரி' நம்முடைய படம். தனுஷ் சிவில் படித்துவிட்டு, சிவில் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக வீட்டில் இருப்பார். தம்பி சாஃப்ட்வேர் கம்பெனியில் சம்பாதிப்பான். அந்த முதல் பாதியைப் பார்த்தபோது சிவில்காரர்கள் வீடுகளில் எல்லாம் ஒளித்து வைத்துப் படம் பிடித்தார்களோ என்று தோன்றியது. அப்பா சமுத்திரக்கனி பேசுகிற ஒவ்வொரு பேச்சும் எங்கேயோ கேட்ட குரல். ஆனால் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். கதாநாயகனுக்குக் குடிசைவாழ் மக்களுக்கு வீடு கட்டும் வேலை கிடைக்கிறது. அருமையான விஷயம். அங்கே கட்டடம் எழும்புவதைவிட சண்டை அதிக நேரம் நடக்கிறது. நாலு வருஷம் ஏங்கிக் கிடைத்த வேலையை அவர் செய்வதை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு காலம் வார்ப்பு எடுத்ததும் வருகிற சந்தோஷத்தை ஒரு நிமிஷம் காட்டியிருக்கலாம். சண்டைக்கு விசில் அடித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வீடு கட்டுவதை நிஜமாகவே காட்டிய படம் ஒன்று இருக்கிறது. பாலுமகேந்திராவின் 'வீடு', 1988. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. சாதாரண வேலையில் இருக்கிற சுதா என்கிற பெண், தாத்தாவும் தங்கையும் இருக்கிற குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். கதை இவ்வளவுதான்.

ஆனால் இந்தப் படத்தில் என்னவெல்லாம் வருகிறது பாருங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது, மனை, கடன், பிளான் அனுமதிக்கு அலைச்சல், லஞ்சம், மழை. கான்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுகிறார். அதைச் சுட்டிக்காட்டுவது யார்? என்ஜினீயர் அல்ல, அதிகாரி அல்ல. மங்கம்மா என்கிற சித்தாள். கலவையைத் தினமும் தூக்குகிறவளுக்கு அதில் எவ்வளவு சிமெண்ட் இருக்கிறது என்று தெரியாதா? கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டு போன பிறகும் மங்கம்மா கூட நிற்கிறாள், வேலை நடக்கிறது. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிற காட்சி இருக்கிறதே, சொக்கலிங்க பாகவதர் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்ப்பார். பூசாத சுவர்தான், ஆனால் அவர் முகத்தில் கிரகப்பிரவேசமே நடந்துவிடும். அதற்கப்புறம் அவர் பிழைப்பதில்லை. படம் முடியும்போது அந்த மனை குடிநீர் வாரியத்துக்குச் சேர்ந்தது என்று ஒருவர் வந்து சொல்கிறார்.

இந்தப் படத்தைப் பார்த்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மன்னிக்கணும், செயலாளர் அண்ணே, ஒரே ஒரு நிமிஷம் கான்கிரீட். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. பம்ப் வராத சின்ன சைட்டில் அது முழுவதும் தலைமேல்தான் மாடிக்குப் போகிறது. சட்டிக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 120 நடை. சின்ன வீட்டின் கூரைக்கே எட்டு, பத்து கன மீட்டர் ஆகும். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நமக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். டெட் லோடு, லைவ் லோடு, விண்டு லோடு எல்லாம் போட்டோம். இந்த 120 நடைக்கு வரைபடத்தில் இடமே இல்லை. தூணுக்கு, கம்பிக்கு, ஜன்னலுக்கு எல்லாம் நம்பர் உண்டு, தூக்குகிறவருக்குக் கிடையாது. சினிமாவை நான் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். நம் வரைபடத்தில் விட்டுப்போன ஆளை சில படங்கள் நம் கண் எதிரே கொண்டுவந்து நிறுத்துகின்றன.

புதிய படங்களில் அப்படி மூன்றைச் சொல்கிறேன். 2018-ல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தேனிப் பக்கம் மலையேறி ஏலக்காய் மூட்டை சுமக்கிற ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வேண்டும். படத்தில் முக்கால்வாசி நேரம் நடக்கிறார்கள். அவசரப்படுகிறவர்களுக்கு 'என்னய்யா, நடந்துகிட்டே இருக்கான்' என்று தோன்றும். நடைதான் அங்கே வேலை. அரும்பாடுபட்டு வாங்கிய நிலம் கடனில் போகிறது. கடைசியில் அதே நிலத்தில் காற்றாலை நிற்கிறது, அதற்கு அவரே வாட்ச்மேன். கேமரா மேலே போகப் போக வரிசையாகக் காற்றாலைகள் தெரிகின்றன. காற்றாலை நல்ல தொழில்நுட்பம், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அதன் அடியில் யாருடைய நிலம் இருந்தது என்று பிராஜெக்ட் ரிப்போர்ட் கேட்காது. படம் கேட்கிறது.

2022-ல் மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. மாயாண்டியாக நடித்த நல்லாண்டி ஐயா நிஜமாகவே விவசாயி. படம் வெளிவருவதற்குள் காலமாகிவிட்டார். பிறகு தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. மயிலைக் கொன்றதாகப் பொய் வழக்கில் பெரியவர் மாட்டிக்கொள்கிறார். அவருக்குக் கோர்ட்டும் தெரியவில்லை, ஜெயிலும் தெரியவில்லை. பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. அந்த வேலையைச் செய்யப் போலீஸ்காரரை அனுப்புகிறார்கள். தொழில் மேல் உள்ள பக்தியை இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியாது. விஜய் சேதுபதி வருகிற பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. என் மனைவிக்கு அந்தப் பகுதிதான் பிடித்தது. வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

மூன்றாவது, 2024-ல் மாரி செல்வராஜின் 'வாழை'. வாழைத்தார் சுமக்கிற ஊர். லீவு நாளில் பள்ளிக்கூடப் பையன்களும் சுமக்க வேண்டும். முதல் பாதியில் ரஜினி ரசிகன் கமல் ரசிகன் சண்டை, டீச்சர் மேல் பிரியம் என்று நன்றாகச் சிரிக்க வைக்கிறார்கள். தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டு ரூபாய் ஆக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். போராடி வாங்கியும்விடுகிறார்கள். கொடுத்த அந்த ஒரு ரூபாயை ஈடுகட்ட, ஆட்களுக்குத் தனி வண்டி இல்லை, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போங்கள் என்றாகிறது. லாரி கவிழ்கிறது. இயக்குநர் தன் சிறுவயதில் நடந்ததை வைத்து எடுத்த படம்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அழவைத்த படம் என்பதால் மட்டும் இல்லை. அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த கணக்கு. ரேட்டை ஏற்றிக் கொடுத்தால் வேறு எங்கேயாவது கழிப்பார்கள். கம்பியில் கழித்தால் நாம் அளந்து பிடிப்போம். சிமெண்டில் கழித்தால் கியூப் டெஸ்ட் காட்டிக் கொடுக்கும். ஆட்களின் பாதுகாப்பில் கழித்தால் எந்த டெஸ்டும் காட்டாது, ஒரு நாள் விபத்துதான் காட்டும். சென்டரிங் பலகை ஏற்றிய லாரியின் உச்சியில் நாலு பேர் உட்கார்ந்து போவதை ஊரில் எந்த ரோட்டிலும் காலை எட்டு மணிக்குப் பார்க்கலாம்.

'வாழை'யைப் பார்த்தபின் நான் செய்கிற எஸ்டிமேட்டில் 'ஆட்கள் வந்து போகத் தனி வண்டி' என்று ஒரு வரி தனியாக இருக்கிறது. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வரி. அதைச் சிமெண்டோடும் மணலோடும் கலக்காமல் தனியாக எழுதுவதற்குக் காரணம், வெட்ட நினைப்பவர் அதன்மேல் பேனாவை வைத்து வெட்ட வேண்டும் என்பதற்காக. ஒரு முறை ஒருவர், "இது என்ன சார், புதுசா இருக்கு?" என்று கேட்டார். "ஒரு படம் பார்த்தேன் சார்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் வெட்டவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வயசு பத்தாது. ஒரு வேண்டுகோள் மட்டும். ஹாஸ்டலில் சனிக்கிழமை ராத்திரி எப்படியும் படம் பார்க்கத்தான் போகிறீர்கள். மாசத்துக்கு ஒன்று நான் சொன்ன மாதிரிப் படமாக இருக்கட்டும். சிவில் மாணவர்களை முதன்முதலாக சைட் பார்க்கக் கூட்டிப் போவதற்கு முன்னால் 'வீடு' படத்தைக் காட்டச் சொல்லித் துறைத் தலைவரிடம் கேளுங்கள். சங்கத்தில் நிதி இருக்கிறது, புரொஜெக்டர் வாங்கித் தருவார்கள். பொருளாளர் தலையைக் குனிந்துகொள்கிறார், ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சைட்டுக்குப் போனதும் அங்கே கலவைச் சட்டியோடு ஒரு அம்மா நிற்பார். முதலில் அவர் பேரைக் கேளுங்கள். அப்புறம், "அம்மா, கலவை எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். கியூப் டெஸ்ட் ரிசல்ட் வர 28 நாள் ஆகும். அந்த அம்மா அப்போதே சொல்லிவிடுவார்.

சாம்பார் வாசனை வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.